ஒரு பானைச் சோறும் ஐந்து வாக்கியக் கடிதமும்

நூல்களுக்கு மதிப்புரை எழுதுவது வழக்கம். ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதத்துக்கும் மதிப்புரை உண்டா என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கடிதத்துக்குக் கட்டாயம் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில், 1980 ஜனவரி 10-ஆம் நாள், ஆசிரியருக்கு வந்த கடிதங்களின் பகுதியில் அது அச்சாயிற்று. எழுதியவர்கள் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்னும் இருவர். கடிதம் முழுவதும் சேர்ந்து சுமார் நூறு சொற்கள்தாம். ஆனால் அடுத்த நாற்பது ஆண்டுகளில் அந்த நூறு சொற்களின் மீது கட்டப்பட்ட மாளிகை மிகப் பெரியது. அது சரிந்தபோது நசுங்கியவர்களும் மிகப் பலர்.

கடிதம் பேசும் பொருள் வலி நீக்கும் அபினி வகை மருந்துகள். மார்ஃபீன், பெத்திடின், ஆக்சிகோடோன் போன்றவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றைக் கொடுத்தால் நோயாளி அதற்கு அடிமையாகிவிடுவாரா? இதுதான் கேள்வி. கடிதத்தின் விடை, 'அது அரிது' என்பது.

இந்த விடை சரியா, தவறா? அவசரப்பட வேண்டாம். முதலில் கடிதத்தைப் படிப்போம். நான் கூறப்போகும் குறைகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடிக்க மருத்துவப் பட்டம் தேவையில்லை. பள்ளியிறுதி வகுப்புக் கணக்கும், நிதானமாகப் படிக்கும் பழக்கமும் போதும்.

கடிதம் சொல்வது என்ன?

முதல் வாக்கியம்: மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுத் தொடர்ச்சியாகக் கண்காணிக்கப்பட்ட 39,946 நோயாளிகளின் பதிவேடுகளை ஆசிரியர்கள் பார்த்தார்கள். இரண்டாவது: அவர்களில் 11,882 பேர் அபினி வகை மருந்தைக் குறைந்தது ஒரு தடவையாவது பெற்றிருந்தார்கள்; முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதவர்களிடையே ஓரளவு உறுதியான சான்றுடன் அடிமையானவர்கள் என்று தெரிந்தவர்கள் நால்வர் மட்டுமே. மூன்றாவது: அந்த நால்வரில் ஒருவருடையதே கடுமையானது. நான்காவது: இருவர் பெற்றது மெபெரிடின், அதாவது நம் மருத்துவமனைகளில் பெத்திடின் எனப்படுவது, ஒருவர் பெற்றது பெர்கோடான், ஒருவர் பெற்றது ஹைட்ரோமார்ஃபோன். ஐந்தாவது முடிவுரை: மருத்துவமனைகளில் இம்மருந்துகள் பரவலாகப் பயன்பட்டாலும், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாத நோயாளிகளிடம் அது புதிதாக உண்டாவது அரிது.

11,882 பேரில் 4 பேர். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர், விழுக்காட்டில் 0.034. இதைக் கண்டதும் மனம் நிம்மதி அடைகிறது. பெரிய எண்ணும் சிறிய எண்ணும் அருகருகே நின்றால் நம் கண் அவற்றையே பார்க்கும். சுற்றியுள்ள சொற்களை விட்டுவிடும். ஆகவே எண்களை ஒரு கையால் மறைத்துவிட்டுச் சொற்களைப் பாருங்கள்.

'மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட.' 'குறைந்தது ஒரு தடவை.' 'பதிவேடுகள்.' கடிதத்தின் உண்மையான பொருள் இந்த மூன்று சொற்களில் இருக்கிறது.

கடிதம் சொல்லாதவை

ஒரு நோயாளிக்கு அறுவை நடந்த மறுநாள் ஓர் ஊசி போடப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒரு வாரத்தில் வீடு திரும்பினார். அவரும் 11,882 பேரில் ஒருவரே. மாதக்கணக்கில் தினமும் மருந்து பெற்றவர் யாரேனும் இருந்தால் அவரும் ஒருவரே. இருவரும் ஒரே எண்ணிக்கையில் சமமாகக் கலந்துவிட்டனர். எத்தனை நாள் பெற்றனர், எவ்வளவு அளவு பெற்றனர் என்னும் விவரம் கடிதத்தில் இல்லை.

அடுத்து, அடிமைப்பழக்கத்தை எங்கே தேடினார்கள்? மருத்துவமனைப் பதிவேட்டில். வீடு திரும்பிய பின் ஆறு மாதம் கழித்து அந்த மனிதர் என்ன ஆனார் என்பதைப் பதிவேடு அறியாது. நெல் மூட்டை கிடங்குக்கு வந்த அன்றே அவிழ்த்துப் பார்த்து, 'இந்த நெல்லில் வண்டு விழுவது அரிது' என்று எழுதிவைத்தால் எப்படி இருக்கும்? அன்றைய நிலைக்கு அது உண்மையே. ஆனால் வண்டு விழுவது மூட்டை கிடங்கில் கிடக்கும் மாதங்களில் அல்லவா?

மேலும், மருத்துவமனையில் மருந்து செவிலியர் கையில் இருக்கிறது. நேரமும் அளவும் அவர் பொறுப்பு. வீட்டிலோ மருந்துக் குப்பி தலைமாட்டில் இருக்கிறது. இவை வேறு வேறு சூழ்நிலைகள். ஒன்றில் கண்ட எண்ணை மற்றொன்றுக்கு எடுத்துச் செல்ல முடியாது.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் பழமொழி. இன்றைய புள்ளியியலின் மாதிரி எடுக்கும் முறையே இதில் அடங்கியிருக்கிறது எனலாம். ஆனால் பழமொழியின் முதல் சொல்லைக் கவனியுங்கள்: ஒரு பானை. எடுத்த பருக்கை அந்தப் பானைக்குத்தான் பதம் சொல்லும். பக்கத்து வீட்டு அடுப்பில், வேறு அரிசியில், வேறு நெருப்பில் கொதிக்கும் பானைக்கு அது சாட்சி சொல்லாது. போர்ட்டரும் ஜிக்கும் எடுத்தது மருத்துவமனைப் பானையின் பருக்கை. பின்னால் வந்தவர்கள் அதைக் காட்டி உலகத்துப் பானைகள் எல்லாம் வெந்துவிட்டன என்றார்கள்.

ஆசிரியர்களின் மீது எவ்வளவு பழி?

இங்கே நியாயமாக இருக்க வேண்டும். கடிதத்தின் முதல் வாக்கியத்திலும் கடைசி வாக்கியத்திலும் மருத்துவமனை என்னும் எல்லையை ஆசிரியர்கள் தாங்களே போட்டிருக்கிறார்கள். இதை ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை என்று அவர்கள் கூறவும் இல்லை. தம்மிடமிருந்த பதிவேடுகளில் கண்ட ஒரு செய்தியைக் கடிதமாக எழுதினார்கள், அவ்வளவே. செய்தி என்ற அளவில் அதில் பிழை இல்லை.

ஆனால் தலைப்பு? 'போதை மருந்துகளால் சிகிச்சை பெறும் நோயாளிகளிடம் அடிமைப்பழக்கம் அரிது' என்பதே தலைப்பின் பொருள். இதில் மருத்துவமனை இல்லை. முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதவர் என்னும் நிபந்தனையும் இல்லை. உடலில் இருந்த இரண்டு வேலிகளும் தலையில் காணாமற்போயின. தலைப்பை மட்டும் படித்து மேற்கோள் காட்டுகிறவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. கடிதத்தின் மீது நான் சுமத்தும் முதன்மையான குறை இதுவே.

கருவி எப்படிப்பட்டது?

இனி மருந்தைப் பற்றிச் சிறிது பார்க்க வேண்டும். அப்போதுதான் கால அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

நம் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பணுக்களின் மேற்பரப்பில், அபினி வகைப் பொருள்கள் வந்து பொருந்தும் ஏற்பிகள் இருக்கின்றன. 1973-இல் இவை ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டன. பாப்பிச் செடியின் பாலுக்காக மனித மூளையில் ஏற்பி ஏன் இருக்க வேண்டும்? 1975-இல் விடை கிடைத்தது. உடலே தன் சொந்த அபினியை உண்டாக்கிக்கொள்கிறது! ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்போர் கண்டுபிடித்த என்கெஃபலின்கள் அத்தகையவை. மார்ஃபீன் அந்த இயற்கைப் பொருளின் பூட்டில் நுழையும் கள்ளச் சாவி.

அந்தப் பூட்டுகள் பல அறைகளில் இருக்கின்றன. தண்டுவடத்தில் உள்ளதைத் திறந்தால் வலிச் செய்தி மட்டுப்படும். குடலில் உள்ளதைத் திறந்தால் மலச்சிக்கல் உண்டாகும். மூளையில் இன்ப உணர்வு தொடர்பான பகுதியில் திறந்தால் மனம் மிதக்கும். மூளைத்தண்டில் திறந்தால் மூச்சின் வேகம் குறையும். மருந்து மிகுந்தால் மூச்சே நின்றுவிடும். இம்மருந்துகளால் நேரும் மரணம் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும். நாலாக்சோன் என்னும் மாற்று மருந்து உரிய நேரத்தில் கிடைத்தால் சாவியை வெளியே தள்ளிவிட்டு உயிரைக் காக்கும்.

மருந்து நாட்கணக்கில் தொடரும்போது மூன்று மாற்றங்கள் நேரலாம். இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது தாங்குதிறன்: அதே பலனுக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். இரண்டாவது உடற்சார்பு: மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை போன்ற துன்பங்கள் வரும். நீண்ட நாள் பெறும் எவருக்கும் இவை நேரக்கூடும்; இவை குற்றமும் அல்ல, அடிமைப்பழக்கமும் அல்ல. மூன்றாவதுதான் அடிமைப்பழக்கம்: தீமை என்று தெரிந்தும் விட முடியாமல், வலிக்காக அன்றி மருந்துக்காகவே மருந்தைத் தேடி ஓடும் நிலை.

முதல் இரண்டும் தொடர்ந்த பயன்பாட்டில் உண்டாகின்றன. மூன்றாவதன் ஆபத்து நாள் நீள நீள, அளவு கூடக் கூட மிகுகிறது. ஆகவே, நாளையும் அளவையும் சொல்லாத எண் இங்கே பாதி எண்தான்.

காக்கை வாந்தி எடுத்த கதை

ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான். பார்த்தவன், 'காக்கை நிறத்தில் வாந்தி எடுத்தான்' என்றான். கேட்டவன், 'காக்கையாக வாந்தி எடுத்தான்' என்றான். ஊர்க்கோடிக்குச் செய்தி போவதற்குள் வாயிலிருந்து காக்கைகள் கூட்டமாகப் பறந்துவிட்டன. இந்தக் கதையைப் பாட்டியிடம் கேட்டுச் சிரித்திருப்பீர்கள். அறிவியல் உலகிலும் காக்கைகள் பறப்பதுண்டு.

1980-இல் இது ஒரு கடிதம். 1990 பிப்ரவரியில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில், வலி ஆராய்ச்சியில் உலகப் புகழ்பெற்ற ரொனால்ட் மெல்சாக் ஒரு கட்டுரை எழுதினார். நோயாளிகள் தேவையின்றி வலியில் துடிக்கிறார்கள் என்பது அவர் வேதனை. அந்த வேதனை உண்மையானது. ஆனால் அக்கட்டுரையில் இந்தக் கடிதம் ஒரு விரிவான ஆய்வாகிவிட்டது. 2001-இல் 'டைம்' வார இதழில் அது ஒரு மைல்கல் ஆய்வாகவே உயர்ந்தது. பெயர் மாறியது, ஐந்து வாக்கியங்கள் ஐந்தாகவே இருந்தன.

வாசகர்களே, இதில் நமக்கும் பங்கு உண்டு. மெல்சாக் எழுதியது பொதுமக்களுக்கான ஓர் அறிவியல் மாத இதழில். நாம் கையில் வைத்திருப்பதும் அத்தகைய இதழ்தான். மூலத்தைப் படிக்காமல் 'ஆய்வு கூறுகிறது' என்று எழுதுவது எங்களைப் போன்றவர்களுக்கு எளிது. அதை நம்புவது உங்களுக்கு எளிது. இரண்டு எளிமைகளும் சேரும் இடத்தில்தான் காக்கை பிறக்கிறது.

மெல்சாக் போன்றவர்கள் நல்லெண்ணத்தால் தவறினார்கள். அடுத்து வந்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது.

கடிதம் விற்பனைக்குச் சென்றது

1995 டிசம்பரில் ஆக்சிகான்டின் என்னும் மாத்திரைக்கு அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. பர்டியூ ஃபார்மா நிறுவனம் 1996-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உள்ளிருக்கும் மருந்து புதியதன்று. 1916-இல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட ஆக்சிகோடோன்தான். கடிதத்தின் நான்காம் வாக்கியத்தில் வரும் பெர்கோடானின் முக்கியக் கூறும் இதே ஆக்சிகோடோன்தான் என்பதைக் கவனியுங்கள். புதுமை, மாத்திரையின் அமைப்பில் இருந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாக மருந்து கசியும்படி அதைச் செய்திருந்தார்கள்.

மெதுவாக உறிஞ்சப்படுவதால் தவறாகப் பயன்படும் வாய்ப்பு குறையும் என்று நம்பப்படுவதாக மருந்தின் விவரக் குறிப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. 'நம்பப்படுகிறது' என்பது அறிவியலில் எவ்வளவு மெலிந்த சொல் என்பதை நான் கூற வேண்டியதில்லை. மாத்திரையை நொறுக்கினால் பன்னிரண்டு மணி நேரத்துக்குரிய மருந்து ஒரே நேரத்தில் வெளிப்பட்டுவிடும் என்பதை வாங்கியவர்கள் விரைவில் கண்டுகொண்டார்கள். அந்த வாசகம் 2001-இல் நீக்கப்பட்டது.

முன்பு இம்மருந்துகள் பெரும்பாலும் அறுவைக்குப் பின்னும், முற்றிய புற்றுநோயிலும் பயன்பட்டன. இப்போது முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் மாதக்கணக்கில் எழுதிக் கொடுக்கலாம் என்று விற்பனைப் பிரதிநிதிகள் மருத்துவர்களை ஊக்குவித்தார்கள். அடிமையாகும் ஆபத்து ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று சொல்லப்பட்டது. சான்று கேட்டால் காட்ட இந்தக் கடிதம் இருந்தது. மருத்துவமனைப் பானையின் பருக்கை வீட்டு அடுப்பு வரை வந்து சேர்ந்த வழி இதுதான்.

2007-இல் பர்டியூவைச் சேர்ந்த நிறுவனமும் அதன் உயர் அதிகாரிகள் மூவரும் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அடிமைப்படுத்தும் தன்மை குறைவானது என்று மருந்தைத் தவறாக விளம்பரப்படுத்தியதாக நிறுவனம் ஏற்றுக்கொண்டது. செலுத்த நேர்ந்த தொகை மொத்தம் 60 கோடி டாலருக்கு மேல். 2020-இல் பர்டியூ மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

இதற்குள் தீ பரவிவிட்டது. 1999 முதல் 2019 வரை அபினி வகைப் பொருள்களை மிகையாக உட்கொண்டதால் அமெரிக்காவில் இறந்தவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். 2021 என்னும் ஒரே ஆண்டில் 80,000-க்கு மேல். இந்த எண்ணையும் கவனமாகவே படிக்க வேண்டும். தொடக்கத்தில் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளே மரணத்துக்கு முக்கியக் காரணம். 2010-ஐ ஒட்டி ஹெராயினும், 2013-க்குப் பின் கள்ளச் சந்தையில் வந்த ஃபென்டனிலும் முன்னணிக்கு வந்தன. ஆகவே இத்தனை மரணங்களையும் ஒரு கடிதத்தின் தலையில் கட்டுவதும் ஒரு காக்கைக் கதையே ஆகும். கடிதம் தீக்குச்சியும் அன்று, வைக்கோலும் அன்று. தீப்பிடிக்காது என்று சொல்லிக் கதவில் ஒட்டப்பட்ட சீட்டு அது.

எண்ணிப் பார்த்தவர்கள்

2017-இல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் பொறுமையான வேலை ஒன்றைச் செய்தனர். இந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் அனைத்தையும் தேடி எடுத்துப் படித்தனர். மொத்தம் 608 இடங்களில் கடிதம் எடுத்தாளப்பட்டிருந்தது. அதே காலத்தில் அதே இதழில் வந்த வேறு பதினொரு கடிதங்களை ஒப்பிட்டால், அவற்றின் இடைநிலை எண்ணிக்கை வெறும் 11. இந்த 608-இல் 439, அதாவது 72.2 விழுக்காடு, 'அடிமைப்பழக்கம் அரிது' என்பதற்குச் சான்றாகவே கடிதத்தைக் காட்டின. 491, அதாவது 80.8 விழுக்காடு, அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைக் குறிப்பிடவே இல்லை.

ஐந்தில் நால்வர் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டார்கள்! இவர்கள் பாட்டி கதை கேட்கும் சிறுவர் அல்லர். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவர்கள்.

ஆய்வின் முடிவு அதே நியூ இங்கிலாந்து இதழில் வெளிவந்தது. 1980-ஆம் ஆண்டுக் கடிதத்தின் மேலே, இது சிந்திக்காமல் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டுள்ளது என்று எச்சரிக்கும் ஆசிரியர் குறிப்பு ஒன்றை இதழ் சேர்த்தது. முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்! கடிதத்தை எழுதிய இருவருள் ஒருவரான ஜிக், அது பயன்படுத்தப்பட்ட விதத்துக்காகத் தாம் மிகவும் மனம் வருந்துவதாக அதே ஆண்டில் செய்தி நிறுவனம் ஒன்றிடம் கூறினார்.

அப்படியானால் உண்மையான எண் என்ன? நாள்பட்ட வலிக்காக இம்மருந்துகளைப் பெறுவோர் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு மதிப்பீடு 2015-இல் வந்தது. அதன்படி அடிமைப்பழக்கம் சராசரியாக 8 முதல் 12 விழுக்காடு. சொன்னபடி உட்கொள்ளாமல் தவறாகப் பயன்படுத்துவோர் 21 முதல் 29 விழுக்காடு. மருந்தின் பலனாவது மிகுதியா? நாள்பட்ட முதுகுவலி, இடுப்பு மூட்டு அல்லது முழங்கால் தேய்மான வலி உள்ள 240 பேரை ஓராண்டு கவனித்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. சாதாரண வலி நீக்கிகளைவிட அபினி வகை மருந்துகள் மேலான பலனைத் தரவில்லை என்பது அதன் முடிவு. இந்த ஆய்வுகளின் எல்லையையும் மறக்க வேண்டாம்: இவை நாள்பட்ட வலியைப் பற்றியவை.

மறுபக்கத்துப் பிழை

இத்துடன் நிறுத்தினால், 'அபினி வகை மருந்தே வேண்டாம்' என்னும் முடிவுக்கு நீங்கள் வந்துவிடலாம். அது முதல் பிழைக்குச் சற்றும் குறையாத பிழை. அந்தப் பிழையை நம் நாடு செய்து பார்த்திருக்கிறது.

1985-இல் இந்தியாவில் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் வந்தது. கடத்தலைத் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் மார்ஃபீனை வாங்கவும் வைத்திருக்கவும் பல உரிமங்கள் தேவைப்பட்டன. எழுத்துப் பிழைக்கும் சிறைத் தண்டனை வருமோ என்ற அச்சம் எழுந்தது. மருந்தகங்களும் மருத்துவமனைகளும் மார்ஃபீனைக் கைவிட்டன. நாட்டின் மருத்துவ மார்ஃபீன் பயன்பாடு 97 விழுக்காடு குறைந்து, 1997-இல் வெறும் 18 கிலோவாக இறங்கியது. அத்தனை கோடி மக்களுக்கு 18 கிலோ! மருத்துவத்துக்காக அபினியைச் சட்டப்படி பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் நாடு இது. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசின் அபினி ஆலைகள் இயங்கிக்கொண்டிருக்க, புற்றுநோயாளிகள் ஒரு மாத்திரைக்கு வழியின்றிக் கதறினார்கள்.

1986-இலேயே உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்குப் படிப்படியான சிகிச்சை முறையை வகுத்து, மார்ஃபீனை அதன் மேல் படியில் வைத்திருந்தது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி தணிப்பு அமைப்பு, வாய்வழி மார்ஃபீனை நோயாளிகளின் வீட்டுக்கே கொடுத்தனுப்பியது. இரண்டு ஆண்டுகளில் 1,723 பேருக்குக் கொடுத்ததில், தவறான பயன்பாடோ கள்ளச் சந்தைக்குச் செல்வதோ ஒன்றுகூடக் காணப்படவில்லை என்று 2001-இல் 'லான்செட்' இதழில் அறிவித்தார்கள். இத்தகைய முயற்சிகளின் பலனாக 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையாத வலி மருந்துகளுக்கான உரிம முறை எளிதாக்கப்பட்டது.

இங்கே ஒரு சோதனை. 1,723 பேரில் ஒருவரும் இல்லை என்னும் இந்த எண் நமக்கு இனிக்கிறது. இனிக்கிறது என்பதற்காகவே அதையும் நம் உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பானை இது? பெரும்பாலும் முற்றிய புற்றுநோய் உள்ளவர்கள். பயிற்சி பெற்ற குழுவின் கண்காணிப்பில் இருந்தவர்கள். அந்தப் பானைக்கு இந்தப் பருக்கை நல்ல பதம். அத்தகைய நோயாளிக்கு மார்ஃபீனை மறுப்பது கொடுமை என்று இதைக் கொண்டு தாராளமாகச் சொல்லலாம். ஆனால் இதையே காட்டி, நாற்பது வயதில் முதுகுவலியோடு வருபவருக்கு ஆண்டுக்கணக்கில் கொடுக்கலாம் என்றால், பாஸ்டனில் நடந்த தவறு கோழிக்கோட்டின் பெயரால் மீண்டும் நடக்கும். பிடிக்காத எண்ணுக்கு ஒரு நீதி, பிடித்த எண்ணுக்கு ஒரு நீதி என்பது திறனாய்வு ஆகாது.

2017-இல் லான்செட் ஆணைக்குழு ஒன்று உலக நாடுகளின் தேவையையும் கிடைப்பையும் கணக்கிட்டது. வலி தணிப்புக்குத் தேவையான அபினி வகை மருந்தில் இந்தியாவில் கிடைப்பது 4 விழுக்காடு. அமெரிக்காவில் தேவையைப் போல் 30 மடங்குக்கு மேல். ஒரே மருந்து. அங்கே வெள்ளம், இங்கே வறட்சி.

அமெரிக்காவிலும் ஊசல் மறுபுறம் ஓடியது. 2016-இல் வந்த வழிகாட்டுதல்களைச் சில மருத்துவர்கள் இரும்புச் சட்டமாகக் கொண்டு, பல்லாண்டுகளாக மருந்து பெற்றவர்களுக்குத் திடீரென நிறுத்தினார்கள். கடும் வலியும் தற்கொலையும்கூட நேர்ந்ததால், அப்படித் திடீரென நிறுத்தக் கூடாது என்று 2019-இல் உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்தது. 2022-இல் வழிகாட்டுதல்கள் திருத்தப்பட்டன.

நாம் கொள்ள வேண்டியவை

வீட்டில் யாருக்கேனும் இத்தகைய மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டால் அஞ்சி ஒதுக்க வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். எதற்காக, எத்தனை நாளைக்கு என்று மருத்துவரிடம் கேளுங்கள். மதுப் பழக்கமோ தூக்க மாத்திரையோ இருந்தால் மறைக்காமல் கூறுங்கள். மெல்லக் கரையும் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. ஒருவருக்குக் கொடுத்ததை மற்றவர் உட்கொள்ளக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். நீண்ட நாள் உட்கொண்டதை நீங்களாகவே திடீரென நிறுத்தாதீர்கள். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். அளவுக்கு மீறிய உறக்கமும் மிக மெதுவான மூச்சும் கண்டால் நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மாணவ நண்பர்களுக்கு மற்றொரு சொல். போர்ட்டர், ஜிக் கடிதத்தைப் பற்றிய என் தீர்ப்பு இது: செய்தியாக அது நேர்மையானது, சான்றாக அது மெலிந்தது, தலைப்பு அதன் தகுதியை மீறியது. குற்றத்தின் பெரும்பங்கு அதைப் படிக்காமல் பயன்படுத்தியவர்களையும், படித்தும் தம் வாணிகத்துக்காக வளைத்தவர்களையும் சேரும்.

நாளை நீங்கள் ஒரு செய்தித்தாளில் 'ஆய்வு கூறுகிறது' என்று படிப்பீர்கள். அருகே ஒரு பெரிய எண்ணும் சிறிய எண்ணும் நிற்கும். அப்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். யாரை எண்ணினார்கள்? எங்கே எண்ணினார்கள்? எத்தனை நாள் பார்த்தார்கள்? எதை எண்ணாமல் விட்டார்கள்? இந்த நான்கையும் 1980-இலேயே நூறு பேர் கேட்டிருந்தால், ஒரு சொல் விடுபட்டுப் போனதை 2017 வரை காத்திருந்து எண்ண வேண்டிய தேவை இருந்திருக்காது.

பருக்கையை நசுக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். எந்தப் பானையிலிருந்து எடுத்தது என்று முதலில் கேட்பது அதனினும் நல்ல பழக்கம்.